வெள்ளிக் காசில் உடையப்பன் கை

துபாயில் கட்டுமானப் பொருள் விற்கும் கம்பெனி ஒன்று தன் இருபத்தைந்தாவது ஆண்டுக்கு ஒரு வெள்ளிக் காசு அடித்தது. கடையில் கொடுத்தால் செல்லாது. பெரிய மனிதர்களுக்கு நீல வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுக்க அடித்த நினைவு நாணயம். இந்த நாட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எதையும் விட்டுவிடக் கூடாது என்று யாரோ கங்கணம் கட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், அதைச் சுற்றிப் பேரீச்ச ஓலை. மறுபக்கம் மேலே சிறகு விரித்த ராஜாளி, நடுவில் தல்லா. தல்லா என்பது அரபிகள் கஹ்வா எனும் தங்கள் காப்பியை ஊற்றும் கெண்டி. மூக்கு நீண்டு வளைந்திருக்கும். ஒரு கை அந்தத் தல்லாவைப் பிடித்திருக்க, இன்னொரு கை பிடியில்லாத சின்னக் கோப்பையை நீட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாமே இந்த மண்ணின் அடையாளங்கள்தான், கையைத் தவிர. கைக்குச் சொந்தக்காரன் உடையப்பன், காளையார்கோயில் பக்கத்து ஆள். தல்லா பிடித்த மணிக்கட்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். பார்த்தவர்கள் அதை அங்கியின் தையல் என்று நினைத்தார்கள். அது மாரியம்மன் கோயிலில் அவன் மனைவி வடிவு கட்டிவிட்ட கயிறு. செதுக்கியவன் எங்கோ ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு, அனுப்பிய போட்டோவில் கண்டதையெல்லாம் சத்தியமாகச் செதுக்கிவிட்டான். அவன் மேல் தப்பு இல்லை. தப்பு யார் மேல் என்பதுதான் விவகாரமாகிவிட்டது.

உடையப்பன் இந்த நாட்டுக்கு வந்தது கம்பி கட்ட. சைட்டில் வெயிலில் காய்ந்து, கேம்ப்பில் மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்து, பிறகு அந்தக் கம்பெனியின் கிடங்குக்கு மூட்டை இறக்க வந்தான். ஒருநாள் முதலாளி கிடங்கைச் சுற்றிப் பார்க்க வந்தபோது தேநீர்த் தட்டை ஏந்திப் போனவன் அவன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. எல்லாரும் அவரை அர்பாப் என்பார்கள். அர்பாப் தன் மஜ்லிஸுக்கு, அதாவது விருந்தாளிகளை உட்கார வைக்கும் கூடத்துக்கு, கஹ்வா ஊற்ற அவனை எடுத்துக்கொண்டார்.

அந்த வேலைக்கு வேண்டிய லட்சணம் அவனிடம் பிறவியிலேயே இருந்தது. கூப்பிட்டால் வருவான். கூப்பிடாவிட்டால் இருப்பதே தெரியாது. அவனாக எதையும் கேட்டதில்லை. ரூமில் ஏசி கெட்டால் மற்றவர்கள் கத்துவார்கள், இவன் துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு படுப்பான். உணவில் உப்பு இல்லாவிட்டால் உப்பில்லாமல் சாப்பிடுவான். ‘எனக்கு ஒண்ணும் வேணாம்’ என்பதை அவன் ஒரு கௌரவமாகவே வைத்திருந்தான். ஊரில் பெண் பார்க்கப் போனபோதுகூட பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, ‘உங்க இஷ்டம்’ என்று சொன்ன ஆள். பிடித்திருந்தது என்று வடிவிடம் சொல்லவே நாலைந்து வருஷம் ஆயிற்று.

கஹ்வா ஊற்றுவதில் அவனுக்குச் சிரமமாயிருந்தது ஒன்றே ஒன்று. இங்கே தல்லாவை இடக்கையில்தான் பிடிக்க வேண்டும். கோப்பை வலக்கையில் இருக்கும், வலக்கையால்தான் விருந்தாளிக்கு நீட்ட வேண்டும். இடக்கையால் கோப்பையை நீட்டினால் அவரை அவமானப்படுத்தியதாக அர்த்தம். நம் ஊரிலோ பந்தியில் இடக்கையால் ரசம் ஊற்றினால் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பிறந்ததிலிருந்து பழகிய வலக்கை தல்லாவைக் கண்டதும் தானாக முன்னால் வரும். அதை அடக்க அவன் பேன்ட்ரியில் தல்லாவில் தண்ணீர் நிரப்பி, யாருமில்லாத நாற்காலிகளுக்கெல்லாம் ஊற்றிப் பழகினான். போனில் இதைச் சொன்னபோது வடிவு சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“பீச்சாங்கையாலயா ஊத்துறீக? அய்ய, அதைக் குடிக்கிறவுக என்ன பாவம் பண்ணுனாகளோ!”

பழகியபின் ஒருநாளும் பிசகவில்லை. கோப்பையில் கால்வாசிக்கு மேல் ஊற்ற மாட்டான். விருந்தாளி கோப்பையை லேசாக ஆட்டினால் போதும் என்று அர்த்தம். அதுவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. மஜ்லிஸில் ஆள் இருக்கும்வரை கஹ்வாக்காரன் உட்காரக் கூடாது, வெளியே போகவும் கூடாது. அர்பாபின் தாயார் இறந்தபோது துக்கம் கேட்க வந்த கூட்டத்துக்கு மூன்று நாளும் நின்றபடியே ஊற்றினான். கால் வீங்கிவிட்டது. அதையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

2007-ஆம் ஆண்டின் தொடக்கம். வெள்ளிவிழாக் காசுக்குப் போட்டோ எடுக்க நாள் குறித்தாயிற்று. ஏற்பாடெல்லாம் அட்மின் மேனேஜர் ரெங்கராஜ். பொள்ளாச்சிக்காரர், நல்லவர்தான், ஆனால் அர்பாப் தும்மினால் இவருக்குச் சளி பிடிக்கும். முதல்நாளே எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்.

“நாளைக்கு ஒருத்தனும் லீவு கீவுன்னு வாயத் தொறக்கப்படாது, பாத்துக்கோங்க. பேங்க்காரங்க வர்றாங்க, போட்டோகிராபர் வர்றான். உடையப்பா, உன்ற கைதான் காசுல வரப்போவுது. நகத்த வெட்டிட்டு வா.”

உடையப்பன் நகம் வெட்டினான். மறுநாள் விடிந்து, கராமாவில் ஆறு பேர் இருக்கும் அந்த ரூமில் குளியலறைக்குத் தன் முறை வரக் காத்திருந்தபோது போன் அடித்தது. மகள் சந்தியா. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவள். அந்த நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

“அப்பா, அம்மா போயிருச்சுப்பா.”

வடிவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று அவனுக்குத் தெரியும். சிவகங்கை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதும் தெரியும். சாகிற காய்ச்சல் என்று யாருக்கும் தெரியாது.

“எப்பம்மா?” என்றான். வேறு என்ன கேட்பது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

“விடியக் காலைல. மாமா ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டாக. நீங்க வர்றீகன்னா நாளைக்குக் காலைல வரைக்கும் வச்சிருக்கலாம்னு சொல்றாக. வர்றீகளாப்பா?”

“கேட்டுட்டுச் சொல்றேம்மா.”

போனைக் கட்டில்மேல் வைத்தான். குளியலறை காலியாயிற்று. போய்க் குளித்தான். இதை லுக்மான் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறான்: “மனுசன் குளிச்சு, தல சீவி, இஸ்திரி போட்ட சட்டையப் போட்டுட்டு நிக்கிறாரு. நான் ஓமன்ல சோஹாருக்கு லோடு ஏத்தக் கெளம்பிட்டு இருக்கேன். அப்பதான் சொல்றாரு, ‘லுக்மானு, எம்பொண்டாட்டி செத்துப்போச்சுடா’ன்னு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

லுக்மான் ராமநாதபுரத்துக்காரன், கம்பெனி லாரி டிரைவர், பக்கத்துக் கட்டில். அவன்தான் அன்றைக்கு அழுதான்.

“அண்ணே, நேரா அர்பாப்கிட்ட போயிருவோம். நான் வந்து சொல்றேன். சாயங்காலம் திருச்சிக்கு பிளைட் இருக்கு.”

“நீ லோடுக்குப் போ. நானே கேட்டுக்கிறேன்.”

அந்த வார்த்தையைச் சொன்னபோது அவன் கேட்கத்தான் நினைத்தான். அதில் சந்தேகமில்லை.

மஜ்லிஸில் அர்பாப் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். உடையப்பன் முதல் கோப்பையை நீட்டினான். அர்பாப் அவனைப் பார்த்து, தினமும் கேட்பதுபோல, “உடையா, க்யா ஹால்?” என்றார்.

“தமாம், அர்பாப்.”

நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். வாயில் வந்தது அதுதான். இரண்டாவது கோப்பைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். இரண்டாவது கோப்பையின்போது வங்கிக்காரர்கள் வந்துவிட்டார்கள். கூட்டம் கலைந்ததும் சொல்லலாம் என்று இருந்தான். கூட்டம் கலைவதற்குள் போட்டோகிராபர் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். சொல்வதற்கு இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தையை எடுத்து வெளியே வைக்க உடம்புக்குள் ஆள் இல்லை. கால் நடந்தது, முதுகு குனிந்தது, கை நீண்டது. வடிவு செத்துவிட்டாள் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். வேறு யாரோ வீட்டுச் சேதிபோல அது அங்கே கிடந்தது.

போட்டோகிராபர் ஒரு கறுப்புத் திரையின் முன்னால் அவனை நிறுத்தி, “ஊத்து” என்று சைகை காட்டினான். அர்பாப் வங்கிக்காரர்களை வழியனுப்ப வெளியே போயிருந்தார். ரெங்கராஜ் போனில் யாரையோ வைதுகொண்டிருந்தார். உடையப்பன் தல்லாவை எடுத்தான், ஊற்றினான். நில் என்றார்கள், நின்றான். திரும்பு என்றார்கள், திரும்பினான். ஆவி தெரிய வேண்டும் என்று கொதிக்கக் கொதிக்கக் கஹ்வாவை மாற்றி மாற்றி நிரப்பினார்கள். பித்தளைக் கைப்பிடியில் துணி சுற்றினால் படத்தில் அசிங்கமாக இருக்கும் என்று அவிழ்த்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து அவன் கோப்பைகளைக் கழுவும்போதுதான் உள்ளங்கை கொப்பளித்திருப்பதைப் பார்த்தான். வலக்கை உள்ளங்கை. வலக்கை எதற்குக் கொப்பளிக்க வேண்டும் என்று அவன் யோசிக்கவில்லை. வலிக்கவும் இல்லை.

பிற்பகலில் சந்தியா மறுபடியும் கூப்பிட்டாள்.

“கேட்டீகளாப்பா?”

பேன்ட்ரி ஜன்னலுக்கு வெளியே அர்பாபின் கார் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம்.

“கேட்டேம்மா. தர மாட்டேன்னுட்டாங்க.”

 அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. பொழுது சாய்வதற்குள் வடிவை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு உடையப்பன் எப்படி இருந்தான் என்று கேட்டால், இருந்தான், அவ்வளவுதான். வேலைக்குப் போனான். தல்லா இடக்கைக்குத் திரும்பிவிட்டது. ரூமில் படம் போட்டால் பார்த்தான், எல்லாரும் சிரிக்கிற இடத்தில் இவனும் பல்லைக் காட்டினான். அழுகை வரும் என்று லுக்மான் காத்திருந்து பார்த்து அலுத்துவிட்டான். கராமாவில் ஓட்டலில் போய் உட்கார்ந்தால் சர்வர் வந்து நிற்பான். என்ன வேண்டும் என்று இவனுக்குத் தெரியாது. லுக்மான்தான் சொல்வான். சோறு கல்லா மண்ணா என்று தெரியாமல் தின்றுவிட்டு எழுந்து வருவான்.

ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சந்தியா கூப்பிடுவாள். முன்பெல்லாம் அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடுகிற பெண், இப்போது மாமா வீட்டிலிருந்து அவனை விசாரி விசாரி என்று விசாரித்தாள். சாப்பிட்டீகளா, தலைவலிக்கு மாத்திரை போட்டீகளா, வெயில்ல நடக்காதீக. பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் வைத்துக்கொண்டார்களே என்று அப்பா மேல் அவளுக்கு அப்படி ஒரு இரக்கம். கோபமெல்லாம் அர்பாப் மேல்.

“மாரியாத்தா முன்னாடி தெனமும் வெளக்குப் போட்டுச் சொல்லிட்டுத்தாம்ப்பா வர்றேன். எங்க அம்மா மொகத்த எங்க அப்பாவுக்குக் காட்டாத அந்த ஆளு வீட்டுல ஒரு நல்லது நடக்கக் கூடாது. அவரும் ஒருநாள் இப்படித் தவிக்கணும்.”

உடையப்பன் போனைக் காதில் வைத்தபடி இருப்பான். அப்படிச் சொல்லாதேம்மா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். “நீங்க நல்லவுகப்பா, அதான் ஏமாத்துறாக” என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னால் இந்த வெள்ளிக்கிழமைப் போன் நின்றுவிடும். அது நின்றால் அவனுக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. மரத்துப்போன மனசுக்கும் அந்தக் கணக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் அர்பாபுக்குத் தினமும் கஹ்வா ஊற்றினான், சந்தியா அவருக்குத் தினமும் சாபம் ஊற்றினாள்.

வெயில் காலத்தில் காசு வந்து சேர்ந்தது. படத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பிச் செதுக்க வைத்ததும், வந்த மாதிரியைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டதும் ரெங்கராஜ்தான். அவர் கையெழுத்துப் போட்டபோது அர்பாப் முழங்கால் ஆபரேஷனுக்காக ஜெர்மனியில் இருந்தார்.

அர்பாப் திரும்பிவந்து காசு கொடுத்த நாளில் மஜ்லிஸ் நிறைய ஆட்கள். நீலப் பெட்டிகள் ஒவ்வொருவர் மடியிலும் திறந்தன. மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டார்கள். ராஜாளியைத் தடவிப் பார்த்தார்கள், கப்பலின் பாய்மரத்தை எண்ணினார்கள். அல் அயினிலிருந்து வந்திருந்த ஒரு கிழவர் மட்டும் காசைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளி வைத்து, மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, தமக்கு முன்னால் இடக்கையில் தல்லாவோடு குனிந்திருந்த உடையப்பனைப் பார்த்தார். பிறகு மறுபடியும் காசை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அரபியில் ஏதோ சொன்னார். கூடத்தில் ஒவ்வொருவராகக் காசைத் திருப்பிப் பார்த்தார்கள். சிரிப்பு ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போயிற்று.

காசில் தல்லா வலக்கையில் இருந்தது. கோப்பையை இடக்கை நீட்டிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கு மரியாதை செய்ய அடித்த வெள்ளிக் காசில், அத்தனை பேரையும் அவமானப்படுத்துகிற கையை அச்சடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாகிவிட்டது.

அர்பாபும் கூடச் சேர்ந்து சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது. உடையப்பன் அடுத்த கோப்பையை ஊற்றினான்.

மறுநாள் காலை ரெங்கராஜ் அவனைப் பேன்ட்ரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். வேர்த்து வழிந்தது.

“ஏண்டா பாவி, அத்தன வருசமா ஊத்துற, அன்னிக்கு மட்டும் உன்ற கைக்கு என்ன வந்துச்சு? சரி, போகட்டும். படம் கம்ப்யூட்டர்ல திரும்பிடுச்சுன்னு நான் சொல்லிப்போட்டேன். நீயும் அதயே சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. வா.”

அர்பாப் மஜ்லிஸில் தனியாக இருந்தார். மேஜைமேல் காசும், போட்டோகிராபரிடமிருந்து வரவழைத்த பழைய படமும் கிடந்தன. படம் திரும்பியிருக்கவில்லை. மேல்சட்டையின் பை சரியான பக்கத்தில் இருந்தது. ரெங்கராஜின் கதை அங்கேயே செத்துவிட்டது. அர்பாப் கத்தவில்லை. கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட உடையப்பனுக்குத் தோன்றியது. அவர் இந்தியில் மெதுவாகக் கேட்டார்: என் வீட்டில் இத்தனை வருஷம் ஊற்றினாய். ஒருநாள்கூடத் தப்புச் செய்ததில்லை. அன்றைக்கு என்ன?

யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. கேட்டதும், முன்பு ஒரு நாள் முழுக்க வராத வார்த்தை சாதாரணமாக வந்து விழுந்தது.

“அர்பாப், உஸ் தின் மேரா பீவி மர் கயா.”

அன்றைக்கு என் மனைவி செத்துப்போனாள். ரெங்கராஜ் திடுக்கிட்டு அவனைப் பார்த்தார். வடிவு இறந்தது கம்பெனியில் லுக்மானைத் தவிர யாருக்கும் தெரியாது; அவனிடமும் கேட்டேன், தரவில்லை என்றே சொல்லி, யாரிடமும் பேசாதே என்று வாயைக் கட்டியிருந்தான் உடையப்பன்.

அர்பாபுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. படத்தைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். எழுந்தார். முழங்கால் வலியோடு மேஜையைச் சுற்றிவந்து அவன் எதிரே நின்றார்.

“அன்று காலையில் உன்னிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேனா?”

“கேட்டீங்க, அர்பாப்.”

“என் தாய் இறந்தபோது வந்தவர்களுக்கெல்லாம் நீ ஊற்றினாய். உன் வீட்டில் சாவு, அன்றைக்கும் எனக்கே ஊற்றினாயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாலையே அனுப்பியிருப்பேனே. ஏன் சொல்லவில்லை?”

 இத்தனை மாதமும் உடையப்பன் உள்ளுக்குள் வைத்திருந்தது இது: கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டார்கள். அதில் சாய்ந்துகொண்டுதான் தூங்கினான். இப்போது அதுவும் போயிற்று. காசைப் பற்றி அர்பாப் அதற்குமேல் ஒரு பேச்சும் பேசவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு மகள் என்று ரெங்கராஜ் சொன்னார். துக்கம் கேட்பது கடமை, இவ்வளவு நாள் தெரியாமல் இருந்தது என் குறை, இப்போதே கேட்கிறேன், நம்பரைப் போடு என்றார் அர்பாப்.

உடையப்பனுக்கு அப்போதுதான் பயம் வந்தது. பயம் வந்ததை அவனே ஆச்சரியமாக உணர்ந்தான். “வேணாம் அர்பாப், அவ காலேஜுக்குப் போயிருப்பா” என்றான். ரெங்கராஜ் அதற்குள் அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துவிட்டார். அர்பாப் சொல்லிவிட்டால் ரெங்கராஜுக்குக் கையை நிறுத்தத் தெரியாது.

சந்தியா வீட்டில்தான் இருந்தாள். ரெங்கராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

“அம்மிணி, நான் உங்கப்பா கம்பெனி மேனேஜர் பேசறேன். பயப்படாத, அப்பா நல்லா இருக்கார். அர்பாப் உன்னோட பேசோணும்ங்கறாரு. அவரு சொல்றத நான் தமிழ்ல சொல்றேன்.”

அர்பாப் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். நிறுத்தி நிறுத்திப் பேசினார். ரெங்கராஜ் சொல்லிக்கொண்டே வந்தார்.

“உன்ற அம்மா போனது அவருக்கு இன்னிக்குத்தான் தெரியுமாம். ரொம்ப வருத்தப்படறாரு. உங்கப்பா அவருகிட்டச் சொல்லவே இல்லையாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கு சாயங்காலமே பிளைட் ஏத்தி விட்டிருப்பேங்கறாரு. அவரு மேல தப்பு நெனச்சுக்காதங்கறாரு.”

 ஸ்பீக்கரில் எங்கோ ஒரு மிக்ஸி ஓடி நின்றது.

“கேக்குதா அம்மிணி?”

“கேக்குதுங்க.” சின்னக் குரல். “சார், அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிருங்க.”

“நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கோணும்?”

“சொல்லிருங்க சார். அவுகளுக்கு நான் ரொம்பக் கெடுதல் நெனச்சுட்டேன்.”

ரெங்கராஜ் விளங்காமல் அதை அப்படியே இந்தியில் சொன்னார். அர்பாபுக்கும் விளங்கவில்லை. மன்னிப்பா, எதற்கு என்று கேட்டபடி உடையப்பன் பக்கம் திரும்பினார். அவன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கேள்வியைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்து அவன் கையில் கொடுத்தார்.

“சந்தியா.”

“கேக்கவே இல்லியாப்பா?”

“இல்லம்மா.”

“ஏம்ப்பா?”

ஏன் என்று அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பயமா என்றால் பயம் இல்லை. வெட்கமா, வழக்கமா, அன்றைக்கு உடம்பை விட்டுப் போய்விட்ட ஏதோ ஒன்றா, தெரியவில்லை. “தெரியலம்மா” என்றான். மகளிடம் மாதக்கணக்கில் அவன் சொன்னதில் உண்மையான வார்த்தை அது ஒன்றுதான்.

“மாமா எடுத்துரலாம் எடுத்துரலாம்னாக. எங்க அப்பா கேக்கப் போயிருக்காருன்னு நாந்தான் விடல. ஐஸ் பெட்டியக் கடைக்காரர் கொண்டாந்து வாசல்ல எறக்கி வச்சிட்டாரு. நீங்க சொன்னப்பறந்தான் அதத் திருப்பி அனுப்புனேன்.”

  அவள் போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தான். அத்தனை வெள்ளிக்கிழமைகளும் அந்த ஒரு நொடியில் போய்விடப் போகின்றன என்று தெரிந்தது. வைக்காதே என்று சொல்லலாம். அதையும் அவனால் கேட்க முடியவில்லை.

“அவரு பக்கத்துலயே இருக்காரா?” என்றாள் சந்தியா.

“இருக்காரும்மா.”

“இப்பக் கேளுங்கப்பா. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

உடையப்பன் போனைக் காதிலிருந்து எடுத்தான். அர்பாபைப் பார்த்தான். ஊருக்குப் போக வேண்டும், லீவு வேண்டும் என்பதற்கு இங்கே ஒரே வார்த்தைதான், சுட்டி. கேம்ப்பில் நேற்று வந்தவன்கூடச் சொல்கிற வார்த்தை. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அது ஒருமுறையும் வந்ததில்லை. ஊருக்குப் போனதெல்லாம் அவர்களாகப் போ என்று சொன்னபோது போனதுதான்.

“அர்பாப்,” என்றான்.  “சுட்டி…”

அவ்வளவுதான் வந்தது. மீதிக்குப் பதிலாக அழுகை வந்தது. அது அந்த விலையுயர்ந்த கம்பளத்தின்மேல் அவனை உட்கார வைத்துவிட்டது. மஜ்லிஸில் அவன் உட்கார்ந்ததை ரெங்கராஜ் அன்றுதான் பார்த்தார். வடிவு, வடிவு என்று பெயர் சொல்லி அழுதான். அர்பாப் பக்கத்தில் நின்று, “ரூஹ், போ உடையா, இன்றைக்கே போ” என்று திரும்பத் திரும்பச் சொன்னது அவன் காதில் விழுந்ததா தெரியாது.

போன் கம்பளத்தில் கிடந்தது. அந்தப் பக்கத்தில் சந்தியா வைக்கவில்லை.